பி.எஸ்சி. விலங்கியல், வழி: ஒரகடம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையின் தலைமாட்டில் மிருகக்காட்சிசாலை. அங்கே விலங்குகள் உள்ளே இருக்கும். மனிதர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். அதே சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் வந்தால் காட்சி தலைகீழ். விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையாகத் தொழிற்சாலைக்கு உள்ளே போவார்கள்; எருமைகள் சர்வீஸ் ரோட்டில் நின்று இலவசமாகப் பார்க்கும். முதல் ஏற்பாட்டுக்குக் காரணம் எட்வர்ட் பால்ஃபர். இரண்டாவதற்குப் பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

பால்ஃபர் தொழிலால் டாக்டர். 1851-ல் மெட்ராஸில் அரசு அருங்காட்சியகம் வந்தபோது அதை இவர் தலையில் கட்டினார்கள். ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் உயிரோடு கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். கூட்டம் அள்ளியது. நம் ஜனங்களுக்குப் பிடித்தது கல்லும் சங்கும் இல்லை, உறுமுகிற சரக்குதான் என்று மனிதருக்குப் புரிந்துவிட்டது. ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிக்கொண்டார். 1855-ல் மிருகக்காட்சிசாலை பிறந்தது. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோய், நகரத்துக்குள் கட்டுப்படியாகாத மற்றக் குடும்பங்களைப் போலவே புறநகருக்குத் தள்ளப்பட்டு, 1985-ல் வண்டலூர் வந்து சேர்ந்தது.

உயிரோடு இருந்தால்தான் ஆள் பார்ப்பான் என்ற பால்ஃபரின் இந்த மகத்தான கண்டுபிடிப்பு, அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலையிலிருந்து கல்லூரிகளுக்குப் போகும் வழியில் எங்கேயோ தொலைந்துபோனது. கல்லூரியில் எல்லாமே ஃபார்மலினில்தான்.

அந்தப் பக்கத்துக் கதையின் நாயகன் ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன். 1886-ல் மாநிலக் கல்லூரிக்கு உயிரியல் பேராசிரியராக வந்து இறங்கினார். முப்பது வயது ஆகவில்லை. மெட்ராஸ் வந்த வெள்ளைக்காரர்கள் வழக்கமாக முதல் வருடம் வெயிலைத் திட்டுவார்கள், இரண்டாம் வருடம் சமையல்காரரைத் திட்டுவார்கள். இவர் தேள் பிடித்தார்.

தேளைச் சுற்றி நெருப்பு வைத்தால் அது தன்னைத்தானே கொட்டிக்கொண்டு செத்துவிடும் என்று அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மனிதர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். தத்துவம் பேசுகிறவர்களுக்கு இது பிடித்துப்போனது. மானமுள்ள பிராணி, அவமானத்தைவிடச் சாவு மேல் என்று முடிவெடுக்கிறதாம். போர்ன் தேளின் விஷத்தை அதே தேளுக்கு ஏற்றினார். தேள் சாகவில்லை. இன்னொரு தேளைக் கொண்டு கொட்ட வைத்தார். அதுவும் சாகவில்லை. சரி, நெருப்பில் ஏன் சாகிறது? சூடு தாங்காமல்தான். இதை 1887-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதிப்பித்தது. தேளின் சுயமரியாதை இப்படியாக மெட்ராஸில் முடிவுக்கு வந்தது.

அடுத்து அவர் கை வைத்தது மண்புழுவில். நீலகிரியின் ராட்சத மண்புழு வரைக்கும் விடவில்லை. 1895-ல் அதே ராயல் சொசைட்டியின் உறுப்பினர், அதாவது எஃப்.ஆர்.எஸ்., ஆனார். பிறகு மாகாணக் கல்வித் துறையின் இயக்குநர் ஆனார். 1915-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் ஆனார். மண்புழுவைப் பிடித்தவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு இந்திய சரித்திரத்தில் இவர் ஒருவர்தான் உதாரணம். எங்கள் வகுப்பில் எல்லோரும் மண்புழு பிடித்தோம். யாருக்கும் கழகம் கிடைக்கவில்லை.

போர்ன் காலத்துக்குப் பிறகு நடந்தது சுருக்கம். ஆளுக்கொரு பிராணியைப் பாடத்திட்டத்தில் ஏற்றினார்கள். ஒருவரும் ஒன்றையும் இறக்கவில்லை. லக்னோவில் கரம் நாராயண் பால் 1926-ல் ஃபெரிடிமா மண்புழுவுக்குத் தனி நூலே எழுதினார். 1928-ல் அதே நூல் வரிசையில் இரண்டாவதாகச் சுறா வந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் எவாஞ்சலின் தில்லையம்பலம். கடல் எந்தத் திசையில் என்று கேட்க வேண்டிய லக்னோவில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவுக்கே சுறாவைச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நான் எப்போது நினைத்தாலும் ஒரு சின்ன கர்வம் வருகிறது. அதன் நரம்பு மண்டலத்தை நினைத்தால் அந்தக் கர்வம் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இத்தனையையும் கட்டுக் கட்டி ஒரே இடத்தில் போட்டவர்கள் ஏகாம்பரநாதய்யரும் டி.என். அனந்தகிருஷ்ணனும். எஸ். விஸ்வநாதன் வெளியீடான அவர்களுடைய விலங்கியல் நூலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை வைத்துப் பாம்பையே அடிக்கலாம். காஞ்சிபுரத்தில் படித்த எங்களுக்கு இரண்டு ஏகாம்பரநாதர்கள். ஒருவர் கோயிலில், ஒருவர் நூலகத்தில். பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரும் முதலாமவரிடம் போனார்கள். இரண்டாமவரிடம் போயிருந்தால் முதலாமவரைத் தொந்தரவு செய்திருக்க வேண்டாம்.

நாங்கள் சேர்ந்தது 2003-ல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் கார்களை அடுக்கிய நீள லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் ஸ்பாஞ்சின் கால்வாய் மண்டலத்தை மனப்பாடம் செய்தோம். ஆஸ்கான், சைகான், லூக்கான். தண்ணீர் எந்த ஓட்டையில் நுழைந்து எந்த ஓட்டையில் வெளியே வருகிறது என்பதற்குப் பத்து மதிப்பெண். செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கேள்வியை ஊரே கேட்டது.

முதலாம் ஆண்டு முழுக்க முதுகெலும்பில்லாதவர்கள். அமீபா, பாரமீசியம், ஒபீலியா, கல்லீரல் தட்டைப்புழு, நீரிஸ், நட்சத்திர மீன். தட்டைப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படித்தால் நம் குடும்பப் பிரச்சினைகள் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நத்தைக்குள் ஒரு பிறவி, வெளியே வால் வைத்து ஒரு பிறவி, புல்லில் ஒட்டிக்கொண்டு ஒரு பிறவி, கடைசியில் ஆட்டின் ஈரலில் மோட்சம். இவ்வளவு கஷ்டப்பட்டு அந்த ஜீவன் போகிற ஈரலுக்குச் சனிக்கிழமை ராத்திரியில் எங்கள் சீனியர் சிலர் பாட்டிலோடு மிகச் சுருக்கமான வழியில் போய்ச் சேர்ந்தார்கள். ஈரல் அவர்களுடையது.

தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்து வந்தவர்களுக்கு முதல் மாதம் வகுப்பு, ஏதோ வேறு மதத்தின் பூஜையில் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி. ஆசிரியர் உச்சரிப்பார், நாங்கள் பதில் முழங்குவோம், யாருக்கும் பொருள் தெரியாது. சுவாரசியம் என்னவென்றால் இரண்டாவது மாதம் அதுவே பிடித்துப்போகும். ‘ப்ளாட்டிஹெல்மின்தெஸ்’ என்று தடுக்காமல் சொல்லிவிட்டால் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அன்றைக்கு நாம்தான் கலெக்டர்.

துணைப்பாடம் வேதியியல். உப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். உப்பு எது என்பது சோதனைக்கூட உதவியாளருக்குத் தெரியும், சீனியருக்குத் தெரியும், சில சமயம் கேன்டீனுக்கும் தெரியும். போதும்.

உண்மையான பட்டப்படிப்பு வேறு இடத்தில் நடந்தது: ரெக்கார்டு நோட்டில். ஒரு பக்கம் கோடு போட்ட தாள், மறுபக்கம் வெள்ளைத் தாள். 2எச் பென்சில். நிழல் போடக் கூடாது. கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகள் என்று ஒரு படம் உண்டு. லேப்ரம், மாண்டிபிள், மாக்ஸில்லா, லேபியம், ஹைப்போஃபாரின்க்ஸ். கரப்பானே தன் வாயை அவ்வளவு கவனித்திருக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைய வேண்டும். வரைந்தது போன வருடத்து அக்காவின் ரெக்கார்டை. அந்த அக்கா வரைந்தது அதற்கு முந்தின வருடத்து அண்ணனுடையதை. இந்தப் பரம்பரையின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் நிஜமான கரப்பானைப் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் ராமானுஜர் அவதரித்த ஊர். எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை உரக்கச் சொன்னவர். அவர் ஊர்க்காரர்களான எங்கள் சீனியர்கள் ரெக்கார்டு நோட்டைக் கேட்டால் மட்டும் அவருடைய குருநாதர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பிரியாணிக்குக் குறைந்து மந்திரம் கிடைத்ததில்லை.

பிறகு டிசெக்‌ஷன். மெழுகுத் தட்டு, தண்ணீர், குண்டூசி, ஃபோர்செப்ஸ். கரப்பானை முதுகுப்பக்கம் திறந்து உமிழ்நீர்ச் சுரப்பியைக் கிழியாமல் வெளியே எடுக்க வேண்டும். அது ஈரமான சிலந்தி வலை போல மெல்லிசு. மூச்சு பலமாக விட்டாலே போச்சு. எங்கள் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, பிள்ளையார்பாளையத்துக்காரி, அதை முதல் தடவையிலேயே முழுசாக எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டு, "இதுக்குத்தான் இவ்ளோ அலட்டலா?" என்று கேட்டாள். இறால் டிசெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வருகைப்பதிவு நூறு சதவீதம். நரம்பை எடுத்தபின் மிச்சம் எங்கே போனது என்று ஆசிரியர் கேட்கவில்லை, மனிதர் நல்லவர்.

இரண்டாம் ஆண்டில் முதுகெலும்பு வந்தது. அதோடு பாம்பும் வந்தது. விஷப்பாம்பை இனம் காண்பது எப்படி என்று ஒரு அட்டவணை உண்டு. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வால் தட்டையாக இருந்தால் கடல்பாம்பு, விஷம். உருண்டையாக இருந்தால் வயிற்றைப் பார். வயிற்றுச் செதில் அகலமாக முழு வயிற்றையும் மூடியிருந்தால் தலையைப் பார். தலையில் சின்னச் செதில் என்றால் விரியன். பெரிய செதில் என்றால் மேலுதட்டுக்கு வா. மூன்றாவது செதில் கண்ணையும் மூக்கையும் தொட்டால் நல்லபாம்பு வகை. தொடவில்லையா? முதுகு நடுவில் அறுகோணச் செதில் இருக்கிறதா பார். இருந்தால் கீழுதட்டில் நான்காவது செதில் பெரிதா பார். பெரிதென்றால் கட்டுவிரியன்.

அற்புதமான அட்டவணை. ஒரே ஒரு நிபந்தனை: பாம்பு ஒத்துழைக்க வேண்டும். வயிற்றைக் காட்டி, தலையைக் காட்டி, உதட்டை விரித்துச் செதில் எண்ணும்வரை அது பொறுமையாக இருக்க வேண்டும். கீழுதட்டின் நான்காவது செதில்வரை போன ஒருவருக்கு விடை தெரிந்திருக்கும். அதை வெளியே வந்து சொல்ல அவகாசம் இருக்காது.

இந்த அட்டவணைக்கு நேரடிப் பரீட்சை எனக்கு ஒரு தொழிற்சாலையில்தான் வந்தது. இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகள் ஏரியும் வயலும் சூழ்ந்தவை. மழைக்காலத்தில் பழைய குடியிருப்புக்காரர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். ஒரு நவம்பரில் கேன்டீன் பின்னால் கூச்சல். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"யோவ் ஜுவாலஜி, சீக்கிரம் வாய்யா! விஷமா இல்லையா சொல்லு."

"பிடிச்சுக் குடுங்க சார், சொல்றேன்."

"பிடிக்கத் தெரிஞ்சா உன்ன ஏன்யா கூப்புடறேன்?"

எட்ட நின்று பார்த்தபோதே தெரிந்தது, அது சாரை. அது சிலபஸ் சொல்லித் தெரிந்ததில்லை. எங்கள் ஊர் நெல்வயல் சொல்லித் தெரிந்தது. கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் இருளர் பெரியவர் வந்தார். செதில் எதையும் எண்ணவில்லை. வாலைப் பிடித்தார், கோணியில் போட்டார், டீ குடித்தார், கிளம்பினார். இருளர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து வடநெம்மேலியில் இருக்கிறது. நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்களில் ஒருவரைக்கூட மூன்று வருடத்தில் எங்கள் வகுப்புக்குக் கூப்பிட்டதில்லை. ஃபார்மலின் பாட்டிலில் இருந்த பாம்பே போதும் என்று கல்லூரி நினைத்திருக்கலாம். அதன் நிறம் எப்போதோ வெளுத்து, எல்லாப் பாம்பும் ஒரே பாம்பாகியிருந்தது.

தொழிற்சாலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்கிறீர்களா? நாங்கள் பட்டம் வாங்கிய 2006-ல்தான் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து சப்ளையர்கள், அவர்களுக்குச் சப்ளையர்கள். விடியற்காலை சாலையில் கல்லூரிப் பஸ்ஸைவிட ஷிஃப்ட் பஸ் அதிகமானது. பட்டம் வாங்கியதைச் சொல்லாமல் ப்ளஸ் டூ சான்றிதழை மட்டும் நீட்டினால் வேலை சுலபம் என்று எங்கள் செட்டில் ஒரு பேச்சு பரவியது. ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதுதான் இதில் பெரிய அநியாயம். அவர்கள் தேடியது அந்த நோட்டில்தான் இருந்தது.

ஒரு கம்பெனித் தேர்வில் தட்டு நிறையப் பொடிப்பொடி ஊசிகளைக் கொடுத்து, நேரம் வைத்து, ஓட்டைகளில் செருகச் சொன்னார்கள். பி.காம்., பி.ஏ. பையன்கள் வியர்த்தார்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரி பேசிக்கொண்டே முடித்துவிட்டாள். பிறகு லைனில் ஃபோர்செப்ஸும் உருப்பெருக்கியும் கொடுத்தபோது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கரப்பானின் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கிழியாமல் எடுத்த கைக்கு ஒரு சர்க்யூட் போர்டு என்ன பெரிய விஷயம்? போர்டு வழுக்காது, நாறாது, கால் உதறாது. விலங்கியல் துறை தன்னை அறியாமலே இந்த நாட்டின் தலைசிறந்த எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சிக்கூடமாக இருந்தது. தலைக்குள் என்ன ஏறியது என்பது விவாதத்துக்குரியது. கை மட்டும் முதல் வகுப்பில் தேறியது.

இதை யாரும் கவனிப்பதற்குள் இரண்டு பக்கமும் கடையைச் சாத்திவிட்டார்கள். விலங்குகளை அறுப்பதைக் குறைக்கச் சொல்லி 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியது. 2014-ல் அதை அடியோடு நிறுத்தச் சொன்னது. அதே 2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை நின்றது. ஒரே ஆண்டில் கரப்பான் பிழைத்தது, கைப்பேசி செத்தது. தவளைக்கு அதற்கு முன்பே, 1987-லேயே, தவளைக்கால் ஏற்றுமதித் தடை வழியாகப் பாதி விடுதலை கிடைத்திருந்தது. மண்புழு விஷயத்தில் சென்னை புதுக்கல்லூரியின் சுல்தான் அகமது இஸ்மாயில் இன்னும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். அறுப்பதற்குப் பதில் அதை உரம் தயாரிக்க வேலைக்கு வைத்தார். எங்கள் செட்டில் பலருக்கு அந்த அளவு நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

அறுவை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு ஒன்றில்.

துணைப்பாடத் தாவரவியலில் ரைனியா என்று ஒரு புதைபடிவத் தாவரம் வரும். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தில் கிடைத்தது. இலை இல்லை, வேர் இல்லை, வெறும் குச்சி. அதனால் வரைவது எளிது, எல்லோருக்கும் பிடிக்கும். ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயர் எங்கள் வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியை எடுத்தாரே, அவரேதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக அதே காலத்தில் அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் பாறைகளைத் தட்டிக்கொண்டு திரிந்தார். வெளிறிய களிப்பாறைகளில் இலைகளின் அச்சு. பெரணிகள், சைக்கஸ் மாதிரியான டைலோஃபில்லம். கூடவே கடல் கிளிஞ்சல்களின் தடங்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன், டைனோசர் காலத்தில், இந்த ஊர் கடற்கரையாக இருந்திருக்கிறது. கல்கத்தாவில் இருந்த பொஹீமியாக்காரர் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் அந்த இலைகளைப் பற்றி 1879-ல் எழுதி வெளியிட்டார். உலக நிலவியல் புத்தகங்களில் ஸ்ரீபெரும்புதூர் என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர்.

இது எங்களுக்கு வகுப்பில் தெரியாது. அந்த அடுக்கின் மேல் ஓடிய பஸ்ஸில்தான் தினமும் உட்கார்ந்து ரைனியா படித்துக்கொண்டு போனோம். கடல் பார்க்க வேண்டும் என்று மூன்றாம் ஆண்டில் எங்களை ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் ஏற்றி மண்டபம் கூட்டிப்போனார்கள். பாதிப் பேர் வாந்தி. எல்லோரும் சங்கு வாங்கினார்கள். நம் காலடியில் ஒரு பழைய கடற்கரை இருக்கிறது, அங்கே வாந்தி எடுக்காமல் போய்வரலாம் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. போர்ன் மெட்ராஸ் வந்ததும் மெட்ராஸ் தேளைப் பிடித்தார். அவர் வழியில் வந்த பாடத்திட்டம் உலகத்து ஜீவராசிகளையெல்லாம் பாட்டிலில் அடைத்துக் காட்டிவிட்டு, உள்ளூரை மட்டும் விட்டுவிட்டது.

ஆகவே இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பழைய மாணவனின் விண்ணப்பம். மண்டபம் டூர் நடக்கட்டும், சங்கு வியாபாரிகளும் பிழைக்க வேண்டும். ஆனால் முதல் செமஸ்டரிலேயே ஒரு நாள் பிள்ளைகளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கூட்டிப்போய் அந்தப் பாறையைக் காட்டுங்கள். ஓர் இருளர் பெரியவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு, பேசவிடுங்கள். புதுக் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் போனால் நல்லது.